இரண்டு பக்கமும் பாட வேண்டும்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் நல்ல மனுஷன் என்று கண் கலங்குவார்கள், மீதிப் பேர் காறித் துப்புவார்கள். நான் இரண்டையும் செய்தவள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற சாலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்கியடித்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அங்கே அம்மன் கோயில் மைக் செட்டு அவர் பொறுப்பில் இருந்தது. அதனால் எல்லாருக்கும் அவர் மைக் மாமா. நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆள் ஒல்லி. கைகள் மட்டும் பெரியவை, வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டது போல இருக்கும். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் லாரியின் பைப்பில் எப்போதும் ஒரு கிழிசல் உண்டு. மாமா அந்தக் கிழிசலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கடைசிக் குடம் நிரம்பும்வரை தொப்பலாக நனைந்து நிற்பார். என் கல்யாணத்தன்று வாடைக்காற்றில் பந்தல் கால் ஒன்று ஆட்டம் கண்டது. தாலி கட்டி, சொந்தக்காரர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக் கிளம்பும்வரை மாமா அந்த மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றார். யாராவது கயிறு எடுத்துக்கொண்டு போனால் விரட்டிவிடுவார்.

"நீ போ, நான் புட்சிக்கினு கீறேன்."

இதுதான் அவருடைய வாக்கியம். நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும். கேட்கும்போது நெஞ்சுக்கு இதமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் எரிச்சல் வரும். ஒரு கயிறு, ஒரு ஆணி, கொஞ்சம் டேப் இருந்தால் தீர்ந்துபோகிற விஷயத்தை இந்த மனுஷன் ஏன் கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறார்? அவர் பெண்சாதியிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். நான் அவளை அத்தை என்பேன். கருவாட்டுக் கூடையோடு தண்டையார்ப்பேட்டை வரைக்கும் நடந்து விற்றுவிட்டு வருகிறவள். வாயும் உடம்பும் ஒரே அளவுக்குத் திடம்.

"கயித்தப் போட்டு கட்டிட்டா, அப்பறம் அவுர யாரு தேடுவாங்கன்றே?" என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் புருஷனை முழுசாகப் படித்தவள் சொன்ன பேச்சு அது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. யார் பேச வந்தாலும் கையைப் பிடித்துத் தன் வலது பக்கத்துக்கு இழுத்துக்கொள்வார். "இந்தாண்ட வந்து சொல்லு" என்பார். ஷேர் ஆட்டோவில் இடது ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்த ஆட்டோவுக்கு நிற்பார். சாவு வீட்டில் உட்காரப் போனால்கூடச் சுவரைப் பார்த்து, அது தன் இடது பக்கம் வருகிற மாதிரி உட்காருவார். ஒருமுறை கடல் அரிப்பைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் மாமாவின் இடது பக்கம் நின்றுகொண்டு ரொம்ப நேரம் என்னென்னவோ கேட்டார். மாமா திரும்பியே பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு பீடியை இழுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி முகம் சிவந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊருக்கே கொண்டாட்டம். மாமாவுக்கு இருக்கிற கொழுப்பைப் பார்த்தியா என்று ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மைக் செட்டு என்றால் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிற வேலை மட்டும் இல்லை. எங்கள் ஊரில் அது உயிர் சம்பந்தப்பட்ட சமாசாரம். கடல் எங்கள் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபோது அரசாங்கம் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியது. ஊருக்கு வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை, இரண்டும் கடலுக்குள் நீண்டு போகும். வடக்குக் கல், தெற்குக் கல் என்போம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாகத்தான் ஃபைபர் படகுகள் கரைக்கு வர வேண்டும். மார்கழிப் பனியோடு எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் சேர்ந்துகொண்டால் விடியற்காலையில் அந்த வழி கண்ணுக்குத் தெரியாது. கையில் ஃபோன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃபோன் ஊரைக் காட்டும், கல்லைக் காட்டாது.

அதற்காக ஊர் கண்டுபிடித்த வழி பாட்டு. வடக்குக் கல்லின் தொடக்கத்தில் ஒரு கம்பம், தெற்குக் கல்லின் தொடக்கத்தில் ஒரு கம்பம், ஒவ்வொன்றிலும் கடலைப் பார்த்து ஒரு குழாய் ஸ்பீக்கர். பனி இறங்கிய விடியலில் இரண்டிலும் ஒரே அம்மன் பாட்டு ஓடும். படகில் இன்ஜினைப் பிடித்திருப்பவன் இரண்டு காதிலும் பாட்டு சமமாகக் கேட்கிற மாதிரிப் படகைத் திருப்பிக்கொண்டு வருவான். இடது காதில் சத்தம் கூடினால் தெற்கே ஒதுங்கிவிட்டான் என்று அர்த்தம், வடக்கே திருப்ப வேண்டும். வலது காதில் கூடினால் தெற்கே. இரண்டும் சமமாக இருந்தால் நேரே மணல். பாட்டு அடியோடு நின்றுபோனால் யாரும் உள்ளே வரக் கூடாது, மறுபடி கேட்கும்வரை கல்லுக்கு வெளியே நிற்க வேண்டும். எங்கள் ஊர் ஆண்களுக்கு இதெல்லாம் நீச்சல் மாதிரி, தனியாக யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

கோயிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு பழைய ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று மூடிப்போன கல்யாண மண்டபத்திலிருந்து வந்தது, இன்னொன்று தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் மறந்துவிட்டுப் போனது. குழாய்க்கு ஒன்று. பாட்டு மாமாவின் ஃபோனில் இருக்கும். ஃபோனில் ஒரு ஓட்டை, ஆம்ப்ளிஃபயரோ இரண்டு. இந்த மூன்றையும் சேர்க்கிற ஒயரைத்தான் மாமா பழைய ஹெட்போனிலிருந்து தானே செய்வார்.

என் ஹெட்போனே ஒன்று அப்படிப் போயிருக்கிறது. மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் பாட்டுக் கேட்பேன். ஒரு பக்கம் செத்துப்போனதும் குப்பையில் போட்டேன். மாமா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "ஒரு காது பூட்ச்சுன்னா எல்லாம் தூக்கிப் போட்டுர்றீங்க. இன்னொரு காது நல்லாதானே கீது?" என்று என்னமோ நான் பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்ட மாதிரிக் கேட்டார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

காதில் வைக்கிற இரண்டு குமிழையும் பல்லால் கடித்து அறுத்தார். ஃபோனில் செருகுகிற பின் ஒரு முனையில், அதிலிருந்து பிரிகிற இரண்டு கால் மறுமுனையில், பேண்ட்டைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. உறையைச் சீவினால் உள்ளே முடி மாதிரிக் கம்பிகள், சிவப்பும் பச்சையும் செம்பு நிறமுமாக. அவற்றின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு உண்டாம், அதை எரிக்காமல் முறுக்கினால் சத்தம் வராதாம். தீக்குச்சியைக் கிழித்துக் கம்பி நுனியைச் சுட்டார். உள்ளே ஓடுகிற நூல் கருகி நாறியது. சுட்ட நுனியை நகத்தால் வழித்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிற பழைய ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றினார். பிறகு சோதனை. முதல் காலை ஒரு குமிழோடு சேர்த்து வலது காதில் வைத்துக் கேட்டார். இரண்டாவது காலையும் அதே வலது காதில்தான் வைத்துக் கேட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

உப்புக்காற்றில் அந்த ஒயர் பத்து நாள் தாங்காது. கம்பி பச்சை பூத்துப்போகும். முறுக்கிய இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால்தான் இரண்டு குழாயும் பாடும், விட்டால் ஒன்று நின்றுவிடும். அதனால் பனி நாளில் பாட்டு ஓடுகிற நேரம் முழுக்க மாமா அந்த முடிச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மூத்திரத்துக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். கடையில் நல்ல ஒயராக வாங்கித் தருகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் பலமுறை சொல்லிப் பார்த்தார்கள். மாமா பிடிகொடுக்கவில்லை. நானும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"ரெண்டும் பூட்ச்சுன்னா தப்பில்லமே, போட்டுங்க எல்லாம் வெளியே நின்னுக்கும். ஒண்ணு மட்டும் பூட்ச்சுன்னாத்தான் கேடு, நேரா கல்லு மேல ஏத்திடுவான். கடையில வாங்குன ஒயரு எப்ப பூடும்னு எவனுக்குத் தெரியும்? அதான் கையிலயே வெச்சினு கீறேன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பனி நாளில் அத்தையும் கொட்டகைக்கு வந்துவிடுவாள். உள்ளே உட்கார மாட்டாள். வெளியே, வடக்குப் பக்கம், பழைய கொடிமரக் கட்டை ஒன்று நட்டிருக்கும், அதன் பக்கத்தில் ஒரு கையைத் தூக்கியபடி நிற்பாள். வேண்டுதல் என்று சிலர் சொன்னார்கள். அந்தத் தம்பதிக்குப் பிறந்த ஒரே மகன் கடலோடு போனவன், அவனைத் தேடி நிற்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். மாமா உள்ளே இருந்தபடி வாசல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வயதில் என்ன பார்வை வேண்டியிருக்கு என்று பெண்கள் கிண்டல் செய்வோம். அத்தை கையை இறக்காமல் வாயாலேயே பதிலுக்கு இரண்டு கொடுப்பாள்.

ஒரு ஐப்பசியில் அத்தைக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அது பெரிய செய்தி இல்லை, எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் மூடியை அவள் மூக்கின் மேல் மாமா கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தாராம். அதற்கு வார் இருக்கிறது என்று நர்ஸம்மா சொல்லியும் விடவில்லையாம். கார்த்திகை தொடங்கும் முன்னே அத்தை போய்விட்டாள். அவள் செத்த சேதியை மாமாவே ஃபோனில் பதிவு செய்து, குழாயில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். குரல் உடையவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் அழுதால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன்.

மார்கழி வந்தது. மாமா கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஒயரைப் பிடித்தார். கொடிமரக் கட்டையண்டை யாரும் நிற்கவில்லை.

போகி அன்று நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், இப்போது கை வரமாட்டேன் என்கிறது. ராத்திரி கடலுக்குப் போன படகுகள் விடியலில் திரும்ப வேண்டும். பனி ஒரு பக்கம், ஊர் முழுக்கக் கொளுத்திய பாயும் டயரும் விட்ட புகை ஒரு பக்கம். தெருவெல்லாம் பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வடக்குத் தெருவில் எங்கள் வாசலில் நின்றால் மேளச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு படகுகள் நல்லபடியாகக் கரையேறின. மூன்றாவது என் தம்பியின் படகு. இன்ஜினைப் பிடித்திருந்தவன் அவன்தான். கூட ஒரே ஒரு ஆள். படகு வடக்குக் கல்லின் நடுவயிற்றில் ஏறி இரண்டாகப் பிளந்தது. கூடப் போனவன் தொடை எலும்பு நொறுங்கிப் பிழைத்தான். என் தம்பியைப் பாறை இடுக்கிலிருந்து எடுக்க மத்தியானம் ஆனது. அவன் முகத்தை என் அம்மா பார்க்கக் கூடாது என்று நான் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

பிழைத்தவன் ஆஸ்பத்திரியில் வைத்தே சொன்னான். ஒரு பாட்டுத்தான் கேட்டது, இடது காதில் மட்டும் கேட்டது, தெற்கே ரொம்ப ஒதுங்கிவிட்டோம் என்று நினைத்து வடக்கே திருப்பினோம் என்றான். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா எழுந்து நின்றார். அவர் கை அப்போதும் கோயில் பந்தல் காலைப் பிடித்திருந்தது.

"ரெண்டும் பாடிகினுதான் இருந்துச்சு. நான் ஒயர உடல," என்றார்.

அவ்வளவுதான், விசாரணை முடிந்துவிட்டது. தண்ணீர் லாரிப் பைப்பையே விடாத மனுஷன் உயிர்க் காரியத்தில் விட்டுவிடுவாரா? அப்படியென்றால் தப்பு இன்ஜினைப் பிடித்தவன் மேல்தான். போகிக்கு முந்தின சாயங்காலம் என் தம்பி ஒரு குவார்ட்டர் வாங்கியதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். இன்னொருவன் அதை இரண்டாக்கினான். கூட்டம் கலையும்போது என் தம்பி குடித்துவிட்டுப் படகைக் கல்லில் ஏற்றியவனாக, கூடப் போனவனை முடமாக்கியவனாக ஆகியிருந்தான்.

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கடலில் செத்தவனுக்குப் பதினாறாம் நாள் காரியத்தன்று ஊரில் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. எல்லாம் மணலில் கிடக்கும். கிழவனுக்கும் அதே, நேற்று மீசை முளைத்தவனுக்கும் அதே. என் தம்பிக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். குடித்துச் செத்தவனுக்காக ஏன் ஒருநாள் தொழிலை விட வேண்டும்? தம்பி பெண்சாதி ஐந்து மாதக் கர்ப்பம். பிறக்கப்போகிற பிள்ளையை இந்த ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று அவள் கேட்டாள்.

காரியத்துக்கு முதல்நாள் காலை எங்கள் வாசலில் பந்தல் போட்டார்கள். மாமா வந்தார். யாரும் வா என்று சொல்லவில்லை. அவராகவே ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவர் இடது பக்கம் போய், தோளுக்கு நேராக நின்று, என் தம்பியைச் சாகடித்தது நீதான், நீ நாசமாய்ப் போவாய் என்று சொன்னேன். மாமா திரும்பவில்லை. கொழுப்பு என்று நினைத்தேன். இன்னும் கிட்டே போய், எழுதக் கூசுகிற வார்த்தை ஒன்றைச் சொன்னேன். அவர் கண்கூட அசையவில்லை. சாந்தமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளைத் தொட்டேன். சட்டென்று திரும்பி, என் கையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார். "இந்தாண்ட வந்து சொல்லு," என்றார்.

அதிகாரி, ஷேர் ஆட்டோ, சாவு வீட்டுச் சுவர், ஒரே காதில் வைத்துப் பார்த்த இரண்டு கால் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. கொட்டகைக்குள் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வடக்குக் குழாய் இருப்பது இடது பக்கம். கையைத் தூக்கிக்கொண்டு அத்தை எங்கே நின்றாள் என்பதும் ஞாபகம் வந்தது.

"மாமா, உனுக்கு அந்தாண்ட காது கேக்காதா?" என்றேன்.

அவர் மூங்கிலை விட்டார். நான் பார்க்க அவர் ஒன்றைத் தானாக விட்டது அதுதான் முதல் தடவை. லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகில் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்த காலத்தில் போனதாம். ஒரு காதோடு இருப்பவனுக்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை இடத்திலிருந்து வருகிறது என்பது தெரியாதாம். இரண்டு குழாயும் பாடினாலும் ஒன்று பாடினாலும் அவருக்கு ஒரே பாட்டு. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

"அவ ஒருத்திக்குத்தான் தெரியும். ரெண்டும் பாடுச்சுன்னா கைய தூக்கிகினு நிப்பா. எறக்குனா நான் ஒயர திருப்புவேன்."

"செத்துப்போனாளே. அப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மைக்க வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க," என்றார். சின்னப் பிள்ளை சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவும் கை எழவில்லை. என் தம்பி குடித்துச் செத்தவன் என்று ஊர் சொல்கிறது, நாளைக்குப் படகுகள் இறங்கப்போகின்றன, நீ இங்கே வந்து மூங்கிலைப் பிடிக்கிறாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் போன பக்கம் பார்த்து மண்ணில் துப்பினேன்.

சாயங்காலம் ஆள் அனுப்பி என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள், போனேன். மாமா கையில் போகி அன்று மாட்டியிருந்த ஒயர். அதை அன்றைக்கே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு ஒயர் முறுக்கி மாட்டியிருந்தார். பழையதை வலது காதில் வைத்துச் சோதித்துப் பார்க்க இன்றைக்குத்தான் மனசு வந்ததாம். தெற்குக் கால் பாடுகிறது, வடக்குக் கால் செத்துக் கிடக்கிறது என்றார். அவர் பிடித்திருந்த முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, உறைக்குள்ளே, கம்பி பச்சையாக இற்றுப்போயிருந்தது. அவ்வளவு நேரமும் நல்ல இடத்தைத்தான் அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்றேன். பயமாக இருந்தது என்றார்.

பிறகு புது ஒயரை ஃபோனில் செருகி, முடிச்சை விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொடிமரக் கட்டையண்டை போய் நின்றேன். இடுப்பு உயரத்தில் அந்தக் கட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது, அத்தை சாய்ந்து சாய்ந்து தேய்த்தது.

ஃபோனில் அவர் முன்பே பதிவு செய்து வைத்திருந்த குரல் தெற்குக் குழாயில் வந்தது. சாவுச் சேதி சொல்கிற அதே குரல்.

"ஊர் ஜனங்களுக்கு ஒரு சேதி. போகி அன்னிக்கு வடக்கு கொழா நின்னு பூட்ச்சு. எனக்குத் தெரியல. எனக்கு பீச்சாங்கை பக்கத்து காது கேக்காது. ரொம்ப வருசமா ஊருக்கு சொல்லாத மறைச்சுகினு இருந்தேன். செத்துப்போன புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவன் சரியாத்தான் திருப்பினான்."

பதிவு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தெற்கில் மட்டும்தான் கேட்டது. வடக்குக் குழாய் ஊமையாக நின்றது. மாமா வாசல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் ஓடுவதாகத்தான் தோன்றியிருக்கும். என் தம்பியின் வீடு வடக்குத் தெருவில் இருக்கிறது. அவன் பெண்சாதி அங்கே படுத்திருக்கிறாள். என் அம்மா அங்கே இருக்கிறாள். நான் கையைத் தூக்கவில்லை.

மாமா முடிச்சைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். நான் தூக்கவில்லை. கம்பியைப் பிரித்து, பல்லால் கடித்து, மறுபடி முறுக்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு வடக்குக் குழாயில் அவர் குரல் தெளிவாக எழுந்து எங்கள் தெருவுக்குள் போனது. நான் கையைத் தூக்கினேன். அவர் விரல்கள் அப்படியே நின்றன.

சேதி திரும்பத் திரும்ப ஓடியது. ஆட்கள் வீடுகளிலிருந்து வெளியே வந்து நிற்பது தெரிந்தது. என் தோள் வலித்தது. கையை இறக்கினால் அவர் ஒயரைத் திருப்பத் தொடங்கிவிடுவார், வடக்கே சத்தம் நின்றுவிடும். அதனால் தூக்கியபடியே நின்றேன். அத்தை ஒவ்வொரு மார்கழியும் இப்படித்தான் நின்றிருக்கிறாள், நாங்கள் வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறோம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருட்டும்வரை நான் கையை இறக்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊரில் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை.